நான் எழுதிய முடிவு

அன்புள்ள ஹெர்பர்ட்,

வியாழக்கிழமைகளில் டிவி பார்க்க நீ வராததால், சோபாவில் உன் பக்கம் பூனை படுத்துக்கொள்கிறது. நம் தொடரின் டாக்டரம்மா கணவனைக் கொன்றாளா இல்லையா என்று நாம் சண்டை போட்ட மறுவாரமே எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டார்கள். தொடரும் நின்றுபோனது.

அதனால் மீதிக் கதையை நானே எழுதித் திருத்தினேன். நேற்று, நம் தொடரை எடுக்கும் பர்பாங்க் ஸ்டுடியோ வாசலில் பதாகையுடன் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், உதவியாக இருக்கட்டுமே என்று தயங்கித் தயங்கி நீட்டினேன்.

"ஐயோ தாத்தா! எழுத மாட்டோம்னுதான் நாங்க தெருவுல நிக்கிறோம். நீங்க எழுதிக் குடுத்தா அது கருங்காலி வேலை!"

காகிதங்களைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தேன்.

"பயப்படாதீங்க. அதை மடிச்சுப் பையில வச்சுட்டு இதைப் பிடிங்க" என்று சிரித்தபடி ஒரு பதாகையைக் கொடுத்தாள்.

மதியம்வரை நடந்தேன். ஆதரவாக ஹாரன் அடித்த கார்களுக்கெல்லாம் கையசைத்தேன். அது நான்தானா என்று எனக்கே சந்தேகம்தான்.

அவர்கள் ஜெயிக்கும்வரை டாக்டரம்மா கொன்றாளா என்று யாருக்கும் தெரியாது. அதுவரை நீ சொன்னதும் தப்பில்லை, நான் சொன்னதும் தப்பில்லை. உன் வீட்டு மணியை அடிக்கத் துணிவில்லாமல் இதைக் கதவடியில் தள்ளுகிறேன். நாளைக் காலை மறுபடியும் போகிறேன். நீயும் வந்தால், நடந்துகொண்டே சண்டை போடலாம்.

உன் பக்கத்து வீட்டுக்காரன்