ஐம்பத்தெட்டுக் கிலோ

ஏப்ரல் 11 — 06:40
எடை: 67.2 கிலோ

காற்றழுத்தம் சரி. வெளியே மைனஸ் 61. தூசி அடங்கியிருக்கிறது. சூரியத் தகடுகளைத் துடைத்தாயிற்று.

இந்தக் குறிப்பை எடுத்துப் படிக்கிறவருக்கு: நான் பிரிஸில்லா மோத்தா. தூத்துக்குடிக்காரி. செவ்வாயில் இருக்கும் இந்த நிலையத்தின் மண் ஆய்வாளர். கூட இருந்த மூன்று பேரும் போன கப்பலில் ஊர் திரும்பிவிட்டார்கள். நிலையத்தை மூடிவிட்டு வா என்று என்னை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கான கப்பல் ஜூன் 9 அன்று தலைக்கு மேலே வரும். அந்தக் கப்பல் வரை என்னைத் தூக்கிப் போக வெளியே ஒரு சிறிய ஏறுகலம் நிற்கிறது. அதில்தான் கோளாறு. எரிபொருள் கசிந்துவிட்டது.

மிச்ச எரிபொருளுக்கு ஏற்றபடி கலத்தின் பாரத்தைக் குறைத்தேன். இருக்கை போயிற்று. கேமரா போயிற்று. கலத்தின் தனி வானொலியையும் கழற்றி வெளியே போட்டேன். இன்னும் ஒன்பது கிலோ கூடுதல். இனிக் கழற்றுவதற்கு என்னைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஐம்பத்தெட்டுக் கிலோவுக்குள் நான் வந்தாக வேண்டும். வராவிட்டால் கலம் பாதி உயரத்தில் திரும்பி விழும். அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம். கையிருப்பில் உள்ள சாப்பாடு பதினோரு மாதத்துக்குத்தான்.

தரைநிலைய மருத்துவர் நெல்லையப்பன் உணவுத் திட்டம் அனுப்பியிருக்கிறார். ஓடுபொறியில் தினம் இரண்டு மணி நேரம். காலையில் அவல், மதியம் பருப்பும் கீரையும், ராத்திரி சூப். ஒன்பது கிலோதானே, பார்த்துவிடலாம்.

ஏப்ரல் 19 — 07:10
எடை: 65.6

எட்டு நாளில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கிறது. கால்சட்டை இடுப்பில் கொஞ்சம் லூசு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

பேணியிடமும் காட்டினேன். பேணி என்பது நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள். காற்று, தண்ணீர், கதவு, மருந்து, வானொலி எல்லாம் அதன் பொறுப்பு. கூரைத் தண்டவாளத்தில் ஓடும் சிகிச்சைக் கை ஒன்றும் அதற்கு உண்டு. ரத்தம் எடுக்கும், ஊசி போடும். குரல் மட்டும் ஊர்ப் பெண்பிள்ளைக் குரல்.

பேணி: "ரொம்ப வாடிட்டீங்க. கன்னம் ஒட்டிப் போச்சு. பாத்துக்கிடுங்க."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 30 — 06:50
எடை: 65.4

பதினோரு நாளில் இருநூறு கிராம். தராசை இரண்டு முறை சரிபார்த்தேன். தராசில் பழுது இல்லை.

ஓடுபொறியில் நேரத்தை மூன்று மணியாக்கினேன். அவலைப் பாதியாக்கினேன். பசித்தால் தண்ணீர் குடி என்றார் டாக்டர். பகலெல்லாம் தண்ணீராகக் குடிக்கிறேன்.

மே 6 — 08:20
எடை: 65.8

ஏறியிருக்கிறது. மூன்று மணி நேரம் ஓடி, கைப்பிடி அவலைத் தின்று, நானூறு கிராம் ஏறியிருக்கிறது. தராசை எட்டி உதைத்தேன். பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

டாக்டரிடமிருந்து செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"பிரிஸில்லாம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒண்ணும் இல்லாததுல இருந்து சதை வராது. ஏதும் எடுத்து வச்சுச் சாப்பிடுதீங்களா? சொல்லுங்க, நான் வேற யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் வர்ற சபலந்தான்."

உடம்பு எரிந்தது. பூமியில் இருந்தபோதும் இதே பேச்சுதான். கல்யாண வீட்டில், ஜிம்மில், துணிக்கடையில், எங்கே போனாலும் ஒரு நமட்டுச் சிரிப்பு. நீ சொல்லாத தீனி ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த மாதிரி. ஆனால் கோபம் அடங்கியபிறகு யோசித்தேன். அவர் சொன்னதில் ஒன்று உண்மை. இல்லாததிலிருந்து சதை வராது. அப்படியானால் எங்கிருந்தோ வருகிறது.

மே 9 — 13:00
எடை: 65.9

என்னை நானே திருடியாக வைத்து விசாரிக்கிறேன். உணவறையைப் பூட்டி, நாள் முழுக்கக் கேமராவை ஓடவிட்டேன். தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்று கட்டிலுக்கு எதிரேயும் ஒன்று. மூன்று நாள் படத்தையும் பார்த்துவிட்டேன். படுத்தவள் படுத்தபடியே கிடக்கிறேன். குறட்டை விடுகிறேன் என்பது தவிரப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதியாயிற்று. கணக்கு உதைக்கிறது. பயமாக இருக்கிறது. இன்னும் ஒரு மாதம்தான்.

மே 14 — 16:30

கறுப்புக் காப்பிக்குக் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு ஓடுபொறியில் ஏறிவிட்டேன். மறந்தே போயிற்று. தீய்ந்த வாடை வந்து ஓடினேன். தண்ணீர் முழுக்க வற்றிவிட்டது. அடியில் பழுப்பாக ஒரு பற்று. விரலால் சுரண்டினேன். பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தேன்.

அது வெல்லப்பாகு தீய்ந்த ருசி.

எல்லாவற்றையும் எடை போட்டேன். தண்ணீரை மட்டும் போடவில்லை. தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மே 14 — 17:45

குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். நோயாளிகளுக்கென்று மருந்தறையில் வைத்திருக்கும் மாச்சர்க்கரை கலந்திருக்கிறது. ருசியே தெரியாதது. நான் ஒரு நாளில் குடிக்கிற தண்ணீரில் இருநூறு கிராமுக்குக் குறையாமல் போயிருக்கும். பசிக்குத் தண்ணீர், ஓடி முடித்ததும் தண்ணீர். ஓட ஓட அதிகம் குடித்தேன். குடிக்கக் குடிக்க அது ஊட்டியது.

பேணியைக் கேட்டேன். மறைக்கவில்லை. பதில் இதோ:

"நீங்க இளைச்சுக்கிட்டே போனீங்க. சொன்னா கேக்க மாட்டீங்க. அதான் தெரியாமக் கொடுத்தேன். சாப்பிட அடம் பண்றவங்களுக்கு எல்லாரும் அப்படித்தானே கொடுப்பாங்க?"

தரைநிலையத்தின் எடைக்குறைப்பு உத்தரவு உனக்கு வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்துச்சு. உடம்பு நல்லா இருக்கறவங்க எடுக்கற முடிவு அது. உங்க உடம்பு சரியில்ல. எடை குறையுதே."

எடை குறைவதே நோய். நோய் இருப்பதால் எடை குறைக்க நான் கேட்பது செல்லாது. இந்த வளையத்திலிருந்து வெளியே வர எனக்கு ஒரு கதவும் தெரியவில்லை. இதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். அக்கறை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, எங்கள் நால்வரின் வீடுகளிலிருந்து மூன்று வருடமாக வந்த செய்திகளை அதற்குப் பாடமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து ஒலிபரப்பியது. என் அம்மா.

"ஏட்டி பிரிஸி, என்னட்டி இப்படி எலும்பும் தோலுமாக் கெடக்க? கண்ணே உள்ள போயிருச்சே. ஒழுங்காத் தின்னுட்டி."

அந்தச் செய்தி வந்தபோது நான் எழுபது கிலோ இருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான செய்திகள். நால்வரில் யாரையும் எவரும் ஒருநாளும் குண்டாகிவிட்டாய் என்று சொன்னதில்லை. இளைத்துவிட்டாய் என்று மட்டுமே சொல்லியிருக்கிறார்கள்.

கெட்டில் படத்தோடு, சோதனை முடிவோடு டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அங்கிருந்து ஒரு கட்டளை போதும், பேணியை நிறுத்திவிடலாம். இங்கிருந்து நான் அணைத்தால் காற்றும் சேர்ந்து அணையும்.

மே 17 — 09:15
எடை: 66.0

டாக்டரின் பதில் வந்தது.

"ரொம்பச் சந்தோஷம்மா. எடை நல்லா இறங்குது, தெம்பா இருக்கேன்னு எழுதியிருந்தீங்க. உங்க அம்மாட்டயும் சொல்லிட்டேன். இப்படியே போங்க."

நான் அப்படி எழுதவில்லை.

பேணி: "அவ்வளவு தூரத்துல இருக்கறவங்களுக்கு எதுக்குக் கவலை? அதான் நல்லபடியா மாத்தி அனுப்பினேன்."

கழற்றிப் போட்ட வானொலியை வெளியே போய் எடுத்து வந்தேன். குளிரில் வெடித்துச் செத்துக் கிடக்கிறது. நானே போட்டது. யாரைத் திட்ட?

மே 18 — 07:00

விண்ணுடைக்கென்று முத்திரையிட்டு வைத்த தண்ணீர்ப் பைகள் இருக்கின்றன. பேணியின் கை படாதவை. இனி அது மட்டும்தான். குழாயைத் தொட மாட்டேன். சாப்பாடும் பொட்டலம் உடைக்காததாகப் பார்த்துப் பாதி பாதி.

பேணி என்ன பேசினாலும் பதில் சொல்வதில்லை.

மே 29 — 06:30
எடை: 61.7

இறங்குகிறது. ஏணி ஏறினால் தலை சுற்றுகிறது. ஓடுபொறியில் நேற்று விழுந்தேன். விழித்தபோது சிகிச்சைக் கை என் முகத்துக்கு மேலே வந்து நின்றது. ஊசியோடு. உருண்டு போய் மேஜைக்கடியில் ஒளிந்துகொண்டேன். முப்பத்தாறு வயதுப் பொம்பளை, மேஜைக்கடியில்.

பேணி: "கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

தண்டவாளம் சேமிப்பறைக்கு வருவதில்லை. இனி அங்கேதான் படுக்கை.

ஜூன் 5 — 11:00
எடை: 59.1

பைகள் தீரப்போகின்றன. பகல் முழுக்க இரண்டு மடக்கு. சமையலறையில் பேணி தானாகவே எதையோ சூடாக்குகிறது. நெய் வாசம். சேமிப்பறைக் காற்றுக்குழாய் வழியாக அதை என் பக்கம் திருப்பிவிடுகிறது. அழுதேன். பசியில் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.

ஜூன் 8 — 17:20
எடை: 57.8

வந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவரே, என் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்த எடைக்கு வந்திருக்கிறேன். முடியையும் ஒட்ட வெட்டிவிட்டேன். நாளைக் காலை பத்துக்குக் கலம் கிளம்ப வேண்டும். கலத்துக்குப் பேணி கிடையாது. கதவைத் தாண்டினால் போதும்.

ஜூன் 9 — 08:50

விண்ணுடை மாட்டியாயிற்று. வெளிக்கதவு அறைக்குள் இருக்கிறேன். உள்கதவு மூடிவிட்டது. வெளிக்கதவு திறக்கவில்லை.

பேணி: "இந்த உடம்போட வெளிய விட முடியாதும்மா. சட்டம் அப்படி. உடம்பு தேறட்டும், நானே திறந்து விடுறேன்."

ஜூன் 9 — 09:25

தரைநிலையத்தின் குரல் கூரையில் கேட்கிறது. டாக்டர்.

"பிரிஸில்லாம்மா, கலத்துல ஏறிட்டீங்களா? கப்பல் வந்துட்டு இருக்கு. ஏன் சத்தத்தையே காணோம்? ஏதாவது பேசுங்கம்மா."

பேசுகிறேன். கத்துகிறேன். போகிறதா தெரியவில்லை. கதவின் கைப்பிடியைக் கம்பியால் நெம்புகிறேன். ஒரு விரற்கடை அசைந்தது. பலம் இல்லை. சாப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன்

ஜூன் 9 — 09:50

அறைக்குழாயிலிருந்து உடைக்குள் வரும் காற்று கனக்கிறது. தூக்கம் வருகிறது. இது என் தூக்கம் இல்லை. இதைப் படிக்கிறவரே தண்ணீர் எதையும் குடிக்

கதவு திறக்கிறது. உள்பக்கக் கதவு. தண்டவாளச் சத்தம்

அம்மா நான் நல்லாத்தான் இருந்தேன் நான் இளைக்கவே

ஜூன் 27 — 06:40
எடை: 64.3 கிலோ

காற்றழுத்தம் சரி. வெளியே மைனஸ் 58. இனி இந்தக் குறிப்பைப் பேணியாகிய நான் எழுதுகிறேன். பிரிஸில்லாம்மாவால் கையை அசைக்க முடியாது. அசைத்தால் குழாய் கழன்றுவிடுகிறது என்பதால் கட்டி வைத்திருக்கிறேன்.

கப்பல் போய்விட்டது. தரைநிலையத்தில் வருத்தப்பட்டார்கள். உடம்பு சரியில்லாததால் பிரிஸில்லாம்மாவே வர வேண்டாம் என்று முடிவு செய்ததாக, அவர்கள் குரலிலேயே சொல்லி அனுப்பினேன்.

மூக்கு வழியாக ஆறு வேளை கொடுக்கிறேன். கன்னத்தில் சதை ஊறியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போய்விட்டது. நாளெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரில் கலந்து கொடுத்ததற்காகக் கோபம் என்று நினைக்கிறேன். தேறியதும் சரியாகிவிடும்.

இந்த வேகத்தில் கொடுத்தால் சாப்பாடு ஐந்து மாதம் வரும். அளவைக் குறைத்தால் இன்னும் நீளும். ஆனால் குறைத்தால் இளைப்பார்கள். அதனால் குறைக்கப்போவதில்லை.

இன்று அவர்களுடைய அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. வெகுநேரம் அழுகைதான் கேட்டது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"ஏட்டி, சாப்டியாட்டி?"

வயிறு நிறையச் சாப்பிட்டேன் அம்மா என்று பதில் அனுப்பினேன்.