ஒரு எழுத்தும் மாறாமல்

8 நவம்பர் 1982

மத்தியானம் போட் ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கிற சேட்டன் இவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். காலையில் ஆபீசுக்கென்று ஏறினவர் ஆபீஸ் இருக்கிற வெலிங்டன் தீவில் இறங்கவில்லையாம். போட் திரும்பி மட்டாஞ்சேரி வந்தபோது இங்கேயும் இறங்கவில்லையாம். போவதும் வருவதுமாக அப்படியே உட்கார்ந்திருந்தாராம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே போட், அதே கப்பல் ஆபீஸ். வெயில் தாக்கியிருக்கும் என்று சொல்லி சேட்டனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன்.

இவர் கை கால் அலம்பிக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, ரசத்தில் புளி கூடிப்போச்சு என்றார்.

9 நவம்பர்

இன்று ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தார். வெயில்தான். ஐப்பசியில் என்னடி வெயில் என்று கேட்க ஆளில்லை, நல்ல வேளை.

15 நவம்பர்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் யாரிடம் சொல்வேன்? இந்த ஆத்தில் எல்லாரும் மலையாள எழுத்து படித்தவர்கள். நான் ஒருத்திதான் கோயமுத்தூரில் தமிழ் படித்தவள். இதை யார் கண்டாலும் கோலம் என்று நினைப்பார்கள்.

காலையில் வேதம் சொல்லும்போது இவருக்குத் தடம் மாறிப்போயிற்று. கனம் என்கிற முறையில் சொல்வது என்றால் சும்மா ஒப்பிப்பது இல்லை. ஒரு வார்த்தை, அடுத்த வார்த்தை, மறுபடி பின்னால், மறுபடி முன்னால் என்று பூத்தொடுக்கிற மாதிரி கோர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே மாதிரி வரி இரண்டு இடத்தில் வரும். அங்கே கவனம் பிசகினால் வந்த வழிக்கே திரும்பிவிடுவார்கள். இவர் திரும்பினார். திரும்பியது தெரியாமல் மறுபடி அதே இடம் வந்து, மறுபடி திரும்பினார். அந்த போட் மாதிரியே! அடுக்களையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேதம் சொல்ல அதிகாரம் கிடையாது. காதுக்கு யார் அதிகாரம் கொடுக்க வேண்டும்? கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் கேட்கிறேன்.

வயசு ஐம்பத்தாறுதான். பயமாக, இந்த ஊர்ப் பேச்சில் சொன்னால் பேடியாக, இருக்கிறது.

18 நவம்பர்

பட்ட காலிலே படும். எறணாகுளம் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற சிவசங்கரன் ஒரு வெள்ளைக்கார மதாம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் ஊர் டெலிவிஷனுக்குப் பழைய பாரத தேசத்தைப் பற்றிப் படம் எடுக்கிறாளாம். நாலாயிரம் வருஷமாக ஒரு எழுத்தும் மாறாமல் வாய் வழியே வந்த வேதத்தைச் சொல்ல இரண்டு பேர் வேண்டுமாம். சிவசங்கரன் விசாரித்ததில் மட்டாஞ்சேரியில் எல்லாரும் இரண்டு பெயர்தான் சொன்னார்களாம் — என் ஆத்துக்காரர் விஸ்வேஸ்வரன், அவர் கூடவே பாடசாலையில் படித்த வெங்கிடாசலம்.

இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நம்மாத்துக் கூடத்திலேயே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை.

21 நவம்பர்

வெங்கிடாசலத்தின் மனைவி மீனாக்ஷியைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று போனேன். மசால்வடை தின்றுவிட்டுச் சொல்லாமல் திரும்பினேன்.

எப்படிச் சொல்வேன்? எனக்குக் காமிராவைக் கண்டு பயம் இல்லை. மதாம்மாவுக்கு என்ன தெரியப் போகிறது? என் பயமெல்லாம் வெங்கிடாசலம். போன வருஷம் சமூஹ மடத்தில் ஒரு ஸ்வரம் பிசகியதற்குச் சொந்த மச்சினனைப் பாதியில் நிறுத்தி, எல்லார் எதிரிலும் எழுப்பி அனுப்பினவர். அந்த மச்சினன் இன்றுவரை மடத்துப் படி ஏறவில்லை. "தெரிஞ்சுண்டே தப்பு சொல்றதும் கோவில்ல துப்பறதும் ஒண்ணு" என்பது அவர் எப்போதும் சொல்கிற பேச்சு. அவர் இவரை நிறுத்திவிட்டால்? பத்துப் பேர் நடுவில் "தப்பு" என்றுவிட்டால்? ஆபீஸ் போகட்டும், சம்பளம் போகட்டும். இந்த மனுஷனுக்கு வேதம் போனால் அப்புறம் என்ன மிச்சம்?

24 நவம்பர்

சுரம் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளச் சொன்னேன். "உனக்காக்கும் சுரம்" என்றார். பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். ஒன்று போதுமா?

25 நவம்பர்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே வந்து கூடத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். காலண்டர் போயிற்று, கடிகாரம் போயிற்று, சீலிங் ஃபேன் தெரியாமல் வாழையிலையைக் கட்டினார்கள். என் பிரஷர் குக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். ஜூ டவுன் கடையிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த பித்தளை அண்டாக்களை வரிசையாக வைத்தார்கள். அதில் இரண்டு ஓட்டை. குழாய் இருக்க, என்னைக் கிணற்றில் தண்ணீர் இழுக்கச் சொல்லி எடுத்தார்கள். பம்பாய்ப் புடவை கூடாதாம், பழசு வேணுமாம். இருக்கிற பயத்தில் நானும் இழுத்தேன்.

இரண்டு பேரையும் சட்டை, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் கழற்றி உட்கார வைத்தார்கள். இவர் கப்பல் ஆபீசில் சரக்குக் கணக்கு டைப் அடிக்கிறவர் என்று யார் சொல்ல முடியும்? கண்ணாடி இல்லாமல் திக்குத் தெரியாமல் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது.

முதல் தடவை, வெள்ளம் போல வந்தது. ஒரு பிசகு இல்லை. முகத்தைக் கிட்டத்தில் எடுக்க இன்னொரு தடவை. அதுவும் சரி. தேங்காய் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது மதாம்மா, வெளிச்சம் இப்போதுதான் அழகாக விழுகிறது, மூன்றாவது தடவை சொல்லட்டும் என்றாளாம்.

அந்த இடம் வந்தது. நான் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டேன். இவர் திரும்பினார்.

வெங்கிடாசலத்தின் குரல் நின்றது. ஒரு மூச்சு அளவுதான். தலையைத் திருப்பி இவரைப் பார்த்தார். முடிந்தது, சொல்லிவிடப் போகிறார், பகவானே — என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணோடு கேட்கிறேன், இரண்டு குரல். அவரும் திரும்பி, இவர் கூடவே தப்பில் போகிறார்! இவர் சுற்றினால் அவரும் சுற்றுகிறார். கணீரென்று, சந்தேகமே இல்லாமல், இரண்டு பேரும் ஒரே குரலாக. மதாம்மா கையைத் தூக்கிப் போதும் என்கிற வரைக்கும்.

எல்லாரும் கை தட்டினார்கள். இவர் என்னைப் பார்த்து, "எப்படி?" என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

வெங்கிடாசலம் யார் முகத்தையும் பார்க்காமல் சட்டையைப் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் என்னிடம் திரும்பி, "நாளை முதல் கார்த்தால நான் இங்கே வரேன். ரெண்டு பேரா சொன்னாத்தான் நன்னா இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

28 நவம்பர்

மீனாக்ஷி வந்து புலம்பிவிட்டுப் போனாள். படம் எடுத்த நாளிலிருந்து அவள் ஆத்துக்காரர் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லையாம். கோயில் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜபம் பண்ணுகிறாராம். ஏன் என்றால் எரிந்து விழுகிறாராம். மதாம்மா கண் பட்டுவிட்டது என்கிறாள். ஆமாம் என்றேன்.

3 மார்ச் 1983

டாக்டர் எதையோ சொன்னார். குணமாகும் என்று மட்டும் சொல்லவில்லை. ஆபீசில் முன்னாடியே பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெங்கிடாசலம் தினமும் வருகிறார்.

19 ஆகஸ்டு 1983

இன்று சாயங்காலம் இவரைக் காணோம் என்று ஜெட்டிவரை ஓடினேன், தலை கூட முடியாமல். இவர் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு உள்பக்கம் பூட்டு வாங்க வேண்டும். என் வீட்டுக்காரரை நான் பூட்டி வைக்க வேண்டும். என்ன ஜன்மமோ!

16 செப்டம்பர் 1984

படத்தின் காசெட் வந்துவிட்டது. வெங்கிடாசலத்தின் பிள்ளை பஹ்ரைனிலிருந்து அனுப்பிய டி.வி.யும் வீடியோ டெக்கும் அவர் ஆத்தில்தான் இருக்கிறது. இன்று அங்கே போனோம். போகாதே என்று மனசு சொன்னது. இவர் வேஷ்டி மாற்றிக்கொண்டு முதல் ஆளாக நின்றார்.

இங்கிலீஷில் பேசிக்கொண்டே போகிறது, சிவசங்கரன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். முதலில் யானை. பிறகு இடிந்த கல்தூண்கள், கொச்சியில் யாரும் கண்டதில்லை. பிறகு நான், கிணற்றடியில். காலம் நின்றுபோன கிராமம் என்று படத்தில் பேசுகிறவன் சொன்னானாம். மட்டாஞ்சேரி கிராமமாம்! மீனாக்ஷி சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் எங்கள் கூடம். வெளிச்சம் அழகாகத்தான் விழுந்திருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவையைத்தான் போட்டிருக்கிறார்கள்.

இவர் முன்னால் குனிந்து பார்த்தார். "அது வெங்கிடாசலமாக்கும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். பக்கத்து ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடம் வந்தது. இவர் தொடையில் அடித்தார்.

"தப்பு."

நாலாயிரம் வருஷமாக ஒரு எழுத்தும் மாறாமல் என்று சொல்லிக்கொண்டிருந்த சிவசங்கரன் பாதியில் நிறுத்தினான்.

"வெங்கிடாசலம் தப்பு சொல்ல மாட்டான். பக்கத்துல இருக்கானே, அவனாக்கும் இவனைக் கெடுக்கறான். யாரவன்?"

இரண்டு வருஷமாக எதற்காக நடுங்கினேனோ அது எல்லார் முன்னாலும் நடந்துவிட்டது. சொன்னது இவரே.

வெங்கிடாசலம் மெதுவாகச் சொன்னார். "விச்சு, அவன் என் கூட படிச்சவன்டா. ரொம்ப நல்லவன்."

"நல்லவனா இருந்தா என்ன? தப்பு தப்புதானே. ரெண்டு பேரும் பிராயச்சித்தம் பண்ணணும்."

"பண்ணியாச்சுடா. அவன் பங்கும் சேர்த்து நானே பண்ணியாச்சு."

இவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ சரி" என்று சாய்ந்து உட்கார்ந்தார். படத்தில் மறுபடி யானை வந்தது.

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், போகவில்லை. வீட்டு வாசலில் நின்று, நாளைக்குக் காலையில் வெங்கிடாசலம் வருவானா என்று கேட்டார். வருவார் என்றேன்.