ஐம்பத்தேழாவது ஒலி

மே 11, 2009

இல்லை, நான் வற்புறுத்தவில்லை. என் ஒலிச் சோதனைக்கு வருவீங்களோ என்று கேட்டேன், வேரோனிக்கா அன்ரி ஒப்புக்கொண்டார். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடம்தான், ஆறாம் மாடி. “வீட்டிலை இருந்தால் ரீவியைத்தான் பாத்து அழுவன். வாறன்.”

இருபதாவது ஆள் கிடைத்துவிட்டது. பாரசீகம் அறியாத இருபது தமிழர். பாரசீகத்தின் இரண்டு ஒலிகள். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘த’. அதில் ஒன்றின் தொடக்கத்தில் வரும் மூச்சை நான் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறேன். எந்த இடத்தில் ஒன்று மற்றதாகக் கேட்கிறது?

மே 14

“தம்பியிலை வாற த எண்டால் இடது பொத்தான், தேவனிலை வாற த எண்டால் வலது. அவ்வளவுதானே?” என்றார் அன்ரி. பிறகு: “போன் கையிலை இருக்கட்டுமே, பிள்ளை. நீக்கிலாஸ் எடுத்தாலும் எடுப்பான்.”

நீக்கிலாஸ் அவருடைய தம்பி. முள்ளிவாய்க்காலில். போன சனிக்கிழமை யாருடையதோ சற்றலைட் போனில் பேசினவன்.

“போனை நிப்பாட்டுங்கோ அன்ரி. நாப்பது நிமிசம்தானே.”

பத்து நிமிடத்தில், ஒலிபுகா அறையின் கண்ணாடிக்கு அப்பால் கை உயர்த்தினார். மைக்கில் சொன்னேன்: “இப்ப வெளியிலை வந்தால் எல்லாம் வீண்.” பொய்யில்லை. வீணாவது என்னுடையது.

வெளியே வந்து போனைப் போட்டார். ஒரு குரல்செய்தி. வந்தது பின்னேரம் 4:12. பதினொரு விநாடி.

மே 15

“உன்ரை மெசினிலை போட்டுப் பாரன். அவன் என்னவோ சொல்லுறான்.”

போட்டேன். இரைச்சலை நீக்கினேன். யாரோ மூச்சு விடுகிறார். பேச்சு இல்லை. அப்படியே சொன்னேன்.

“உனக்குக் கேக்கேல்லையோ, இல்லாட்டி அதிலை இல்லையோ?”

மூன்று வருடம் இதைத்தானே படித்தேன்? 

மே 18

விக்ரோறியா தின விடுமுறை. யுத்தம் முடிந்ததாம். பூங்காவில் விடுமுறை வாணவேடிக்கை. ஆறாம் மாடிக்குப் போகவில்லை.

மே 26

லிப்ற்றில் அன்ரியின் மகள் றெபேக்கா. “மாமா அங்கத்தை நேரம் பதினஞ்சாம் திகதி விடிய. ஷெல். கூட நிண்டவர் முகாமிலையிருந்து சொன்னவர்.”

நான் கதவுக்கு மேலே மாறும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உங்களிலை கோவமில்லை எண்டு அம்மா சொல்லச் சொன்னவ,” என்றாள். கதவு திறந்தது. “எனக்குக் கோவம்.”

ஜூன் 2

இருபதாவது ஆளின் கவனம் சிதறியிருந்ததா, விட்டுவிடலாமா என்று பேராசிரியர் கேட்டார். கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் நேரம் பதிவாகியிருக்கும்.

4:12. ஐம்பத்தேழாவது ஒலி. மூச்சு வெட்டப்படாதது. இடது பொத்தான் — தம்பி. சரியான விடை. தயக்கமே இல்லை.

சேர்த்துக்கொண்டேன்.