ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்படிக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் அதே கப்பல் சமையலறையில்தான் இருக்கிறேன். இது கம்பெனி கொடுத்த புது முகவரி. பழைய மெயிலின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

அம்மா கடைசியாக எழுதியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அப்போது திறக்கத் தைரியம் வரவில்லை. இப்போது படிக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தபோது நீ உன் போன் நம்பரைத்தானே போட்டாய்? உனக்கு ஒரு ஓடிபி வரும். அனுப்பி வைப்பாயா?

உன் தம்பி

மார்ச் 4

ஐயா,

தம்பி என்று யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். போலி மெயில்களைப் பிடிப்பதுதான் ஆபீசில் என் வேலை. புது முகவரி, இறந்துபோன அம்மா, உடனே ஓடிபி என்று தினமும் நாலு பேர் எழுதுகிறார்கள். என் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

உண்மையிலேயே தம்பி என்றால், அம்மா என்னைப் பற்றி ஓயாமல் புலம்பியது என்ன, சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த போன் நம்பருக்குச் சொந்தக்காரி

மார்ச் 6

அக்கா,

ஐயாவா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"டீ தம்ளரை ஜன்னல்ல வெச்சுட்டு வீட்டையே தலைகீழாப் புரட்டுவா. இவ பெரிய ஆபீசராம்!" போதுமா?

போனில் கூப்பிட்டிருப்பேன். "அம்மா போனப்ப வராதவன் எனக்குத் தம்பியே இல்ல"ன்னு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கப்பல் நடுக்கடலில் நின்றது, அக்கா. நான் எப்படி இறங்குவேன்?

வாலு

மார்ச் 7

டேய் வாலு,

தம்ளர் இப்போதும் ஜன்னலில்தான் இருக்கிறது, டீ ஆறிப்போய்.

உன் முதல் மெயில் எங்கிருந்து கிளம்பியது என்று அன்றைக்கே சோதித்துவிட்டேன். உன் கம்பெனி சர்வரிலிருந்துதான் வந்திருந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை. உன் கப்பல் எங்கே போகிறது என்று தினமும் பார்க்கிறவளுக்கு அந்தக் கம்பெனியைத் தெரியாதா? நீதான் என்று தெரிந்தேதான் 'ஐயா' போட்டேன். கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. நடுக்கடல் என்று எனக்கும் தெரியும்டா. அன்றைக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது, உன்னை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்?

ஆனாலும் ஓடிபியை அனுப்பமாட்டேன். யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஆபீஸ் முழுக்கப் பாடம் எடுப்பவள் நான். அடுத்த மாதம் கப்பல் கரைக்கு வருகிறதல்லவா? நேராக வீட்டுக்கு வா. பக்கத்தில் உட்கார்ந்து, என் போனில் வருவதை நீயே பார்த்துப் போட்டுக்கொள்.

அம்மா எழுதியதைத் தனியாகப் படிக்க உன்னால் ஆகாது. எனக்கும் படிக்க வேண்டும்.

அக்கா