முரசறைந்து மறுத்த மனத்தாங்கல்

மங்கலம் நிலைக்க. மழை பிழையாதிருக்க.

ஒன்பான் நாட்டு மக்கள் தம் விருப்பால் தேர்ந்து அமர்த்திய அவைக்கோ, கடைமடை காத்த செல்வர், குன்றவாணப் பெருமானின் வாழ்க்கைத் துணைவியாரும், உவர்க்கரை நாட்டு வேளின் திருத்தங்கையாரும், முறைமன்றத்து இடப்பீடம் உடையவருமான அரும்பாவை நாச்சியார் திருமுன், அப்பெருமானின் அமைச்சன் மதகூர்ச் சாத்தன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. உவர்க்கரையின் உப்பளங்கள் வெண்மை குன்றாதிருக்க. அந்நாட்டுத் தோணிகள் காற்றறிந்து கரை சேர்க. தங்கள் தமையனாரின் கோல் வளையாதிருக்க. படகுப் பயணத்தில் தங்களைப் பற்றியதாகக் கேள்வியுற்ற காய்ச்சல் இதற்குள் இறங்கியிருக்க. இவ்விடத்தில் யாவரும் நலம் என்று அடுத்த வரி எழுதுவது ஓலை மரபு. மரபுக்காகவும் சாத்தனால் இன்று அதை எழுத இயலவில்லை.

இன்றைக்குப் பதினோராம் நாள் நாட்டவை கூடுகிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை கூடி, அவைக்கோவின் பீடத்தில் இருப்பவரே தொடர்வதா, வேறொருவர் அமர்வதா என்று குடத்தில் ஓலையிட்டுத் தீர்மானிக்கும் அந்த அவையை நினைத்துச் சாத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பதாண்டு அமைச்சுத் தொழிலில் இரண்டு வெள்ளமும் ஒரு படையெடுப்பும் கண்டவன், ஒரு வெற்றிலை மடிப்பைக் கண்டு இப்படி நடுங்குவான் என்று யாரேனும் முன்னே சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பான்.

தாங்கள் அறிந்ததே ஆயினும், பிழை யாருடையது என்பது எழுத்தில் இருக்கவேண்டும் என்பதால் வரிசையாக எழுதுகிறான். முறைமன்றம் கலையும் முன் நாச்சியார் வெற்றிலை மடித்து நீட்டுவதும், பெருமான் அதை எல்லோரும் காண வாயிலிடுவதும் நம் நாட்டில் இலச்சினைக்கு நிகர். வழங்கிய தீர்ப்பில் இருவரும் ஒருமனப்பட்டார்கள் என்பதற்கு மக்களுக்கு அதுவே சாட்சி. சென்ற முழுநிலா நாளில் பெருமான் தாங்கள் தந்த மடிப்பை வாயிலிடாமல் தட்டில் வைத்துவிட்டார். முந்திய நாள் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டது. புண்ணில் சுண்ணாம்பு படலாகாது என்பது மருத்துவர் கட்டளை. அதை மன்றத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். பல் விழுந்தவர் என்று தெரிந்தால் தேர்வு நெருங்கும் வேளையில் கிழவர் என்று பேசுவார்களே என அஞ்சி, வாய் திறக்கலாகாது என்று பெருமானைத் தடுத்தவன் சாத்தன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று எண்ணியவனும் அவனே.

மறுநாளே கடைத்தெருவில் கதை முளைத்தது. அம்மை மடித்த வெற்றிலை ஐயனுக்குக் கசந்துவிட்டதாம் என்று மீன் விற்பவள் ஒருத்தி சொல்ல, கசக்காமல் என்ன செய்யும், மூன்று மாதமாய் இருவரும் ஒரே கூரையின் கீழ் இரண்டு உலை வைக்கிறார்களாமே என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னதாக ஒற்றர் வந்து உரைத்தனர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதைச் சாத்தன் அறியாதவன் அல்லன். ஆயினும் அச்சம் அறிவை முந்திக்கொண்டது. அவைக்கோவுக்கும் நாச்சியாருக்கும் இடையே எவ்வித மனத்தாங்கலும் இல்லை, அவர் நாச்சியார்மேல் கொண்ட அன்பு மலையினும் உறுதியானது, மாறாகப் பேசுவோர் முறைமன்றத்தில் நிறுத்தப்படுவர் என்று முப்பத்தாறு ஊர்களில் முரசறைவித்தான். முரசுக்கு முன் பெருமான் உணவருந்திக்கொண்டிருக்கையில் போய் இசைவு கேட்டான். அவரும் வேறெதையோ எண்ணியவராய்த் தலையசைத்தார்.

அன்றுவரை கதை ஒரு கடைத்தெருவில் இருந்தது. அன்று மாலைக்குள் மலையடிவாரத்து ஆட்டுக்கிடைக்காரனும், என்ன மனத்தாங்கலாம், எதனாலாம் என்று கேட்கத் தொடங்கினான். இல்லாத நோய்க்கு ஊர்கூட்டி மருந்து கொடுத்ததுபோல் ஆயிற்று.

அதைவிடப் பெரிய கேடு அரண்மனைக்குள் நிகழ்ந்தது. முரசொலி தங்கள் நீராடு துறைவரை எட்டியதும், தாங்கள் ஈரத்தலையோடு வந்து பெருமானிடம் கேட்டதைச் சாத்தன் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். ஒளிந்து நின்றதற்கும் சேர்த்தே பொறுத்தருள வேண்டுகிறான். ஊரார் பேசுவது நாலு நாளில் உதிர்ந்துவிடும், ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளில் வீட்டுக்குள் ஒருமுறையேனும் என்னிடம் சொல்லாத அன்பைத் தெருமுனையில் முரசறைவோன் சொல்லித்தானா நான் கேட்கவேண்டும் என்று தாங்கள் கேட்டீர்கள். அமைச்சன் கேட்டான், தலையசைத்தேன் என்று மட்டும் பெருமான் சொன்னார். விடிந்ததும் தங்கள் படகு துறையை விட்டது. பொய்யாய் இருந்த மனத்தாங்கலை மெய்யாக்கிய பெருமை, நாச்சியாரே, பகைவர் எவருக்கும் உரியதன்று. அது சாத்தனுக்கே உரியது. அதை எண்ணும்போதெல்லாம் அவன் எண்சாண் உடம்பும் ஒரு சாணாய்க் குறுகுகிறது.

இப்போது முறைமன்றத்துக்கு வருவோர் யாரும் பெருமானைப் பார்ப்பதில்லை. அவருக்கு இடப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். கிணற்று வழக்கோடு வந்த எண்ணெய் வாணிகத்தி ஒருத்தி, பாதியில் நிறுத்தி, வழக்கை ஐயன் கேட்பார், என் வயிற்றெரிச்சலை அம்மைதானே கேட்பார், அவர் வந்தபின் வருகிறேன் என்று ஓலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது தவறும் அன்று. ஆற்றுநீர் முதலில் கடைமடைக்கே பாயவேண்டும் என்ற சட்டம் பெருமான் வாயில் பிறந்தாலும் தங்கள் நெஞ்சில் விளைந்தது என்பது குழந்தைக்கும் தெரியும். பீடத்தில் ஒருவர் அமர்ந்தாலும் நாடு இருவரையே தேர்ந்தது. இப்போது தங்களோடு பாதி ஆட்சி போய்விட்டதாக மக்கள் நினைக்கிறார்கள்.

பீடத்துக்குப் போட்டியிடும் தென்னூர்க் கிழார் பூவணர் சும்மா இருப்பாரா? தம் மனைவியாரை யானைமேல் பக்கத்தில் இருத்தி ஊர் ஊராய் உலா வருகிறார். அவர்கள் வீட்டில் சட்டி பறப்பது தென்னூர் முழுதும் அறியும். ஆனால் யானைமேல் இருவரும் சிரிக்கிறார்கள். மக்களும் பார்த்து மகிழ்கிறார்கள். வீட்டை வைத்திருக்கத் தெரியாதவர் நாட்டை எப்படி வைத்திருப்பார் என்று ஒரு வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். பீடம் அவர் கைக்குப் போனால் மறுநாளே தலைமடைப் பெருநிலத்தார்க்கு மதகு திறக்கும். கடைமடையில் நாற்று விட்டிருப்போர் கதி என்னவாகும் என்று தாங்களே எண்ணிப்பார்க்க வேண்டுகிறான்.

ஆகவே, தாயே, சாத்தன் மானம் பாராமல் கெஞ்சுகிறான். அவை கூடும் நாளில் தாங்கள் வந்து இடப்பீடத்தில் ஒரு நாழிகை அமர்ந்தால் போதும். பேசவேண்டா, சிரிக்கவும் வேண்டா. அமர்ந்துவிட்டு அன்றே திரும்பினாலும் குறையில்லை. விரைவுப் படகு துறையில் நிற்கிறது. தங்கள் சினம் ஆறவேண்டுமெனில் சாத்தனை அமைச்சிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அன்றே தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிடுவான்.

இவ்வளவும் எழுதி, மரபுப்படி பெருமான் திருமுன் படித்துக் காட்டினான். முடிந்ததும், ஒரு சொல்லையும் அடிக்கவேண்டா, அமைச்சர் எவ்வளவு அஞ்சினார் என்பது நாச்சியாருக்கும் தெரியட்டும் என்றார். பிறகு, கீழே வரும் ஆணையைச் சேர்த்து எழுதச் சொன்னார். சாத்தன் எழுத்தாணியை வைத்துவிட்டு, பதினோரு நாளைக்குள் இது போய்ச் சேராவிட்டால் எல்லாம் பாழ் என்று காலில் விழாக் குறையாய் வாதிட்டான். அவை கூடுமுன் இவ்வோலை போனால் அது என் பீடத்துக்காகப் போன தூது ஆகும், அவர் வந்தாலும் அது நான் முரசறைவித்து அழைத்த வரவு ஆகும், ஒருமுறை செய்த பிழையே போதும் என்றார் பெருமான். சாத்தன் மீண்டும் எழுத்தாணியை எடுத்தான். தாங்கள் இதைப் பிரிக்கும்போது தீர்ப்பு என்னவென்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதுகிறவனுக்குத் தெரியாது. அச்சமாக இருக்கிறது, நாச்சியாரே.

அவைக்கோ குன்றவாணன் ஆணை: இவ்வோலை ஏந்திய படகு மணலாற்று முகத்தில் நிற்க. நாட்டவை கலைந்து, குடம் கவிழ்த்து, முடிவு சொல்லப்பட்டபின், மறுநாள் காலையில் அல்லாமல் உவர்க்கரை எல்லைக்குள் அது நுழையற்க. கொண்டுசெல்வோன் வென்றோம் என்றோ தோற்றோம் என்றோ தானாக உரையற்க. நாச்சியார் வருக என்று இவ்வோலையில் அமைச்சன் எழுதியது அமைச்சன் வேண்டுகோள். அந்த நாள் கடந்துவிட்டது. என் வேண்டுகோள் வேறு. அடுத்த முழுநிலாவுக்குள் நானே அங்கு வருவேன், பீடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யானையோ முரசோ இல்லாமல். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லாததை வீட்டுக்குள் வைத்துச் சொல்ல வருகிறேன். கதவு திறப்பது அவர் விருப்பம்.

இவை அவைக்கோ சொல்ல, மதகூர்ச் சாத்தன் எழுத்து. இலச்சினை இடப்பட்டது.