மாப்பிள்ளை அழைப்பு புறப்படும் இடம்

ஸ்ம்ருதிம்மா,

கல்யாணத்துக்குப் பார்த்த அந்தப் பழைய மாளிகையை கேன்சல் பண்ணிட்டேன். பார்க்கிங் பத்தாதுன்னு உன்கிட்ட சொன்னது பொய்.

சனிக்கிழமை உன் டேரலோட அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பின்பக்கம் வரிசையா மரக்குடிசைங்க. "மாப்பிள்ளை அழைப்பை இங்கேருந்து ஆரம்பிக்கலாம், போட்டோ அழகா வரும்"னேன். அவங்க ஒரு கதவைத் தொட்டபடி, "என் கொள்ளுப்பாட்டி இங்கதான் அடிமையா பொறந்தாங்க. என் பையன் இங்கேருந்தா நடந்து வரணும்?"னு கேட்டாங்க.

பருத்தித் தோட்டம்னு வாசல் போர்டுலயே இருந்தது; அமெரிக்காவுல அப்படின்னா கறுப்பின அடிமைங்க உழைச்ச இடம். அவங்களை வச்சிருந்த அதே முதலாளி குடும்பம்தான் இப்பவும் அதை வாடகைக்கு விடுது. நம்ம ஊர்ல சாமி ஊர்வலம் எந்தத் தெருவுக்குள்ள போகாதுன்னு தெரிஞ்சு வளர்ந்த எனக்கு, இது தெரியலைன்னு சொல்ல வாய் வரல.

அவங்களுக்கு நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "பூ அலங்காரத்துல மறைச்சிடலாம்."

நேர்ல சொல்ல முடியாத
அப்பா