ஆகாயத்தை நம்பித் திறந்த நோன்பு

786

தாராவி, பம்பாய்
2-6-1986

அன்பு மகன் கரீம் பாட்சாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காப்பில் இங்கே நாங்கள் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், கடல் மேலே நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆபிதாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, பிள்ளை வயிற்றில் நன்றாகப் புரளுகிறதாம், டாக்டரம்மா பெருநாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறாள். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த உன் பெண்டாட்டிக்குத் தமிழ் எழுத்து இன்னும் பூரானாகத்தான் தெரிகிறது, உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

முதலில் நம் சந்துப் பள்ளிவாசல் கூத்தைக் கேள். செகரெட்டரி ஜெயினுலாப்தீனை மறந்திருக்க மாட்டாய், உன் கல்யாணத்தில் தாளிச்சாவில் உப்புக் குறைவு என்று மூன்று பந்தியிலும் உட்கார்ந்து தின்று பார்த்துச் சொன்ன மனுசன். நீ மன்னித்திருப்பாய், நான் மன்னிக்கவில்லை. அவர் இந்த வருஷம் கலர் டிவி வாங்கினார். வாங்கினவர் சும்மா இருந்தாரா, நோன்பு திறக்க நகரா முரசு அடிப்பது பட்டிக்காட்டு வழக்கம், கைக்கடிகாரமோ ஆளுக்கொரு நேரம் காட்டுகிறது, இனிமேல் டிவிதான் கணக்கு, அதன் நேரம் செயற்கைக்கோளில் இருந்து நேராக இறங்குகிறது, மனுசக் கை படாத நேரம் என்று பேசிப் பேசி ஜமாஅத்தையே தலையாட்ட வைத்துவிட்டார். நகரா வெங்காய மூட்டைக்கு அடியில் போனது. மோதினார் முகம்மது ஹனீப் பள்ளிவாசல் படியில் நின்று எதிர்வீட்டு ஜன்னல் வழியாகச் செகரெட்டரியின் டிவியைப் பார்க்க வேண்டும், அந்த நேரத்துக்குத் தினமும் படம் நின்று அடுத்த நிகழ்ச்சிக்காக ஏதோ இந்தி எழுத்து வரும், வந்ததும் மைக்கில் பாங்கு சொல்ல வேண்டும், இதுதான் ஏற்பாடு. ஹனீபுக்கு இந்தி எழுத்து ஒன்றும் தெரியாது. படம் நின்னு எழுத்து வந்தா நேரம் ஆச்சு, இதுக்குமா வேய் உமக்குப் படிப்பு வேணும் என்று ஜெயினுலாப்தீன் கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை மேகம் கவிந்து சந்தே இருட்டிக் கிடந்தது. டில்லியில் இருந்து வந்த படம் நடுவில் அறுந்து எழுத்து வந்தது. ஹனீப் பாங்கு சொல்லிவிட்டார். சந்து மொத்தமும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டது, நானும்தான் போட்டேன், கஞ்சியும் குடித்தேன். அப்புறம் மேகம் விலகியது. மாடிக் கோலி அறையில் குடியிருக்கிற பேராச்சி, நம் கஞ்சிக்குத் தினமும் தூக்குவாளியோடு வருகிறவள், எட்டிப் பார்த்து, யக்கா, மாஹிம் பக்கம் சூரியன் குத்துக்கல்லாட்டம் நிக்கி, அதுக்குள்ள முழுங்கிட்டியளே, இன்னைக்கு உங்களுக்கு அரைநாள் நோன்பா என்று கேட்டாள். செகரெட்டரியின் மருமகள்தான் எழுத்தைப் படித்துச் சொன்னாள், தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று போட்டிருந்ததாம். வருந்தினது அவர்கள், பெருநாள் கழித்து அதற்கு ஈடாகக் களா நோன்பு பிடிக்கப் போவது நாங்கள். ஆகாயம் அறுந்து போனா நான் என்ன செய்வேன் என்கிறார் ஜெயினுலாப்தீன். ஆகாயத்தை யார் குற்றம் சொன்னார்கள், தரையில் கிடந்த நகராவை எதற்கு ஒழித்தீர் என்று கேட்டேன். இப்போது டிவியும் இருக்கிறது, பொழுது பார்த்து அடிக்க வெங்காய வாசத்தோடு நகராவும் இருக்கிறது. ரெண்டும் ஒத்துப் போனால்தான் ஹனீப் வாயைத் திறக்கிறார்.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால் நீயும் சிரிக்கச் சிரிக்க ஒன்று எழுதியிருந்தாய். துபாயில் உங்கள் இழுவைக் கப்பலில் சாட்நாவ் என்று புதுப் பெட்டி வந்திருக்கிறது, செயற்கைக்கோள் கடந்து போகும்போது கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்லும், அடுத்தது வரும்வரை தானே ஊகித்துக்கொண்டிருக்கும் என்று. புழுதிக்காற்றில் கண் தெரியாத அன்றைக்கு அது உங்களை ஆழத்தில் நிற்பதாகக் காட்டியதாம், கரையில் நட்ட கோபுரங்களின் சிக்னலைப் பிடிக்கிற பழைய பெட்டியில் நீ பார்த்தபோது பாறைத்திட்டுக்கு நேரே போய்க்கொண்டிருந்தீர்களாம். அதற்கு அடுத்த வரியிலேயே, அந்தப் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு அங்கே முதலாளிக்குச் சர்பத் குளிர வைக்க பிரிட்ஜ் வரப் போகிறது, பழையது தேவையில்லை என்று பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற நீ கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் பதவி உயரும் என்கிறாய். எனக்கு அந்தப் பாறையைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. ஆபிதாவுக்கு வாசிக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டு, கப்பலில் மீன் குழம்பு நன்றாக இருந்ததாம் என்று சொந்தமாகச் சேர்த்தேன். மீன் குழம்புக்கு ஏன் மாமி உங்க கண்ணு கலங்குது என்றாள். காரமாம் என்றேன்.

புதுப் பெட்டியைக் கடலில் எறி என்று நான் சொல்லவில்லை. தெரிந்த நேரத்தில் சொல்லட்டும். தெரியாத நேரத்திலும் வாயை மூடாமல் சொல்லுகிறதே, ஜெயினுலாப்தீனும் அந்த ஜாதிதான். இங்கே தவறினால் களாப் பிடித்துக்கொள்ளலாம், பாறையில் ஏறினவனுக்குக் களா கிடையாது. பதவி வராவிட்டால் போகட்டும், பிறக்கப் போகிற பிள்ளைக்கு நீ வாப்பா என்ற பதவி போதும்.

எல்லாம் வல்லவன் உன்னையும் உன் கப்பலில் உள்ளவர்களையும் ஒவ்வொரு தடவையும் கரை காண வைப்பானாக, உன் சம்பாத்தியத்தில் பரக்கத் தருவானாக. வெறும் வயிற்றில் சிகரெட் வேண்டாம். பழைய பெட்டியைக் கழற்றுகிற தாளில் உன் கையெழுத்து இருக்கக் கூடாது. பிரிட்ஜுக்கு இடம் இல்லை என்று முதலாளி முறைத்தால் அவர் படுக்கிற கட்டிலைக் கழற்றச் சொல், அதற்கு வேண்டுமானால் ரெண்டு கையெழுத்தாகப் போட்டுக் கொடு.

இப்படிக்கு
உன் உம்மா
நஜ்முன்னிசா